இருபத்து மூன்றாவது தீர்த்தம்

தண்ணீர்தானே கேட்டீர்கள் சார்? தருகிறேன். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்கள், நாக்கு வறண்டிருக்கும், தெரிகிறது. ஆனாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் ஒருவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது முன்பெல்லாம் ஒரு வேலையே இல்லை. இப்போது அதற்கு முன்னால் நான் ஒரு கதை சொல்லவேண்டியிருக்கிறது.

காசிலிங்கம் உங்களிடம் என்ன சொல்லி அனுப்பினான்? நாலு அறை, கடலுக்கு முந்நூறு அடி, ராமேஸ்வரம் கோயிலுக்கு நடந்து போகிற தூரம், கொல்லையிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு. அப்படித்தானே? நாலு அறை உண்மை. கடல் உண்மை. கோயிலுக்கு நடந்து போகலாம்தான், காசிலிங்கம் நடந்ததில்லை. கிணற்றைப் பற்றித்தான் நான் பேசவேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு பேசினால் நான் ஏமாற்றுக்காரன். முன்னாலேயே பேசிவிட்டால் யோக்கியன். இந்த வயதில் அவ்வளவு சுலபமாக யோக்கியன் ஆவதற்கு வேறு வாய்ப்பு எனக்கு வரப்போவதில்லை.

என் மகள் உமையாள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். நேற்றுகூடப் போன் செய்தாள். 'அப்பா, வர்றவர்கிட்ட தேவையில்லாததெல்லாம் பேசாதீங்க. வீட்டைக் காட்டுங்க, சிரிங்க, அனுப்பிவைங்க' என்றாள். வாசலில் சிரித்தேன், பார்த்தீர்கள் அல்லவா. அது முடிந்தது.

சுவரில் இருக்கிற அந்தப் பலகையை நீங்கள் உள்ளே வந்ததுமே படித்தீர்கள். 'பசுமை விடுதி. நீடித்த சுற்றுலாவுக்கான தீவு விருது.' எத்தனையோ தடவை கழற்ற நினைத்தேன். உமையாள்தான் கூடாது என்றாள். விருது இருந்தால் வீட்டுக்கு ஒரு மதிப்பாம். அவள் சொன்னது சரிதான். நீங்கள் அதைப் படித்த பிறகுதான் செருப்பைக் கழற்றினீர்கள்.

நான் லாட்ஜ்காரனாகப் பிறந்தவன் இல்லை. தனுஷ்கோடிக்கு மணலில் வேன் ஓட்டியவன். ரோடு போடாத காலம். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, தண்ணீரும் மணலுமாகக் கிடக்கிற பாதையில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு போவேன். எங்கே புதையும், எங்கே புதையாது என்று எனக்குத் தெரியும் என்பதுதான் என் பெருமை. பிறகு ரோடு வந்தது. யார் வேண்டுமானாலும் சொந்தக் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு தீவின் முனை வரைக்கும் போய் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். எங்கே புதையும் என்று தெரிந்தவனுக்கு அதன் பிறகு ஊரில் என்ன வேலை? வேனைக் கொடுத்துவிட்டுக் கொல்லையில் நாலு அறை கட்டினேன். அது நம்பு போன மறுவருஷம்.

நம்பு என் மனைவி. முழுப்பெயர் நம்புநாயகி. எங்கள் தீவில் தெருவுக்கு நாலு நம்பு இருப்பார்கள், அம்மன் பெயர். அந்தக் கிணறு அவளுடையது. சீதனமாகக் கொண்டுவரவில்லை, ஆனால் அவளுடையதுதான்.

உங்கள் ஈரோட்டுக் கிணறுபோல நினைத்துக்கொள்ளாதீர்கள். இது தீவு. நாலு சிமெண்ட் உறை ஆழம், அவ்வளவுதான். ஆள் இறங்கி நின்றால் தலை வெளியே தெரியும். இந்த மணலுக்கு அடியில் இருக்கிற நல்ல தண்ணீர் மழை விட்டுப்போனது. பாலின் மேல் ஆடை படிகிற மாதிரி உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதந்துகொண்டிருக்கும். அதற்குக் கீழே முழுக்கக் கடல். நம்பு அதில் இரும்பு வாளி போடவிடமாட்டாள். பனையோலையில் முடைந்த பட்டைதான். அதற்கு எடையே கிடையாது. தண்ணீர்மேல் சாய்ந்து மேலாக மொண்டுகொண்டு வரும். வாளியென்றால் தொபுக்கென்று உள்ளே போய் அடியைக் கலக்கிவிடும். காலையில் பன்னிரண்டு குடம், சாயங்காலம் பன்னிரண்டு குடம். இந்தச் சந்தில் எங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு வேளைக்கு ஒன்று. மற்ற நேரமெல்லாம் மூடி போட்டிருக்கும். எனக்கும் அதே சட்டம்தான். ஒருநாள் நடுப்பகலில் வேனிலிருந்து இறங்கி வந்து நாலு பட்டை இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நான் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். வேன் ஓட்டுகிறவர்களிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். தண்ணீர் வரும் சார், வரும்.

அறை கட்டிய முதல் வருஷம் நாசிக்கிலிருந்து ஒரு பெரியவர் குடும்பத்தோடு வந்து தங்கினார். கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம் இருப்பது உங்களுக்குத் தெரியும். கடலில் முழுகிவிட்டுப் போய்க் கிணறு கிணறாக நின்று தலையில் தண்ணீர் வாங்கிக்கொள்ள வேண்டும். அதெல்லாம் முடித்துக்கொண்டு சொட்டச்சொட்ட வந்தார். காலெல்லாம் மணல். நான் கிணற்றடியில் வாளியும் கையுமாக நின்றேன். நம்பு போனதும் நான் வாங்கிய முதல் பொருள் அந்த வாளி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. 'அங்கே இருபத்திரண்டு, இங்கே இருபத்து மூன்று' என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டுச் சிரித்தேன். இத்தனை வருஷம் வேன் ஓட்டியதில் இந்தியில் எண்கள் எனக்கு நன்றாக வரும். வேடிக்கைதான் வராது போலிருக்கிறது. பெரியவர் சிரிக்கவில்லை. கைகூப்பினார். என் முன்னால் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அதற்குப் பின்னால் மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள். வரிசை நின்றுவிட்டது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சும்மா சொன்னேன் என்று விளக்கிச் சொல்ல எனக்கு இந்தி போதாது. ஊற்றினேன்.

அந்த வாரமே நாசிக்கிலிருந்து இன்னும் இரண்டு குடும்பம் வந்தது. பெரியவர் சொல்லி அனுப்பினாராம். அடுத்த மாதம் காசிலிங்கம் வந்தான். அப்போது அவன் அறை பிடித்துக் கொடுக்கிற புரோக்கர். இப்போது வீடு விற்றுக் கொடுக்கிறான். 'அண்ணே, இது யாரு வெட்டுன கிணறு?' என்று கேட்டான். என் பெண்டாட்டி வெட்டச் சொன்ன கிணறு என்றேன். 'அத வெளிய சொல்லாதீங்க' என்றான். மறுநாள் பலகை எழுதிக்கொண்டு வந்துவிட்டான், மூன்று பாஷையில். இருபத்து மூன்றாவது தீர்த்தம். பஸ் பஸ்ஸாக ஆள் கொண்டுவந்து இறக்கினான். பொங்கலுக்குக்கூடத் திருநீறு பூசாதவன் நான். நெற்றி நிறைய மூன்று கோடு போட்டுக்கொண்டு, இடுப்பில் ஈர வேட்டியோடு, காலை ஐந்து மணிக்கெல்லாம் கிணற்றடியில் நின்றேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நம்பு போன பிறகு இந்த வீட்டில் என்னை எதிர்பார்த்து யாரும் நின்றது கிடையாது. காலையில் கதவைத் திறந்தால் எண்பது பேர் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள் என்றால்... சரி, விடுங்கள். தோள் வலிக்கும். வேறொன்றுமில்லை.

அந்த வருஷம்தான் பசுமை விடுதித் திட்டம் வந்தது. சென்னையிலிருந்து ஒரு குழு. தீவுக்கு வருகிற கூட்டம் கூடிப்போய்விட்டது, தீவு தாங்காது, அதனால் விடுதிக்காரர்கள் பொறுப்பாக நடக்கவேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். மனதாரத்தான் ஆட்டினேன். பிளாஸ்டிக் பாட்டிலை நிறுத்தினேன். துணிப்பை கொடுத்தேன். அறைக்கு அறை ஒரு அட்டை வைத்தேன்: 'துண்டைத் தினமும் துவைக்கச் சொல்லாதீர்கள். தீவின் தண்ணீரைக் காப்போம்.' கொல்லையில் எண்பது பேர் தலையில் வாளி வாளியாக ஊற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அந்த அட்டையைத் தூசி தட்டி வைப்பேன். ஒருநாளாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அட்டை நேராக நிற்கிறதா என்றுதான் பார்த்தேன்.

சித்திரையில் வாளி தரைதட்டியது. கயிற்றை இழுத்தால் பாதி தண்ணீர், பாதி மணல். பார்வையிட வருகிற குழு அந்த மாதக் கடைசியில் வருவதாக இருந்தது. உறை இறக்குகிற மலைராசுவைக் கூப்பிட்டேன். அவன் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்து வெகுநேரம் காலைக் கழுவினான்.

'கோதண்டண்ணே, இருக்கது கொஞ்சம். ஆனா நல்ல தண்ணி. இதுக்கும் கீழ போனா நெறைய வரும், ஒருத்தருக்கும் ஆகாது' என்றான்.

எனக்குக் காதில் விழுந்தது 'நெறைய வரும்' மட்டும்தான். மூன்று உறை இறக்கச் சொன்னேன். மூன்றாவது உறை உட்கார்ந்ததுதான் தாமதம், நாலா பக்கமும் குபுகுபுவென்று ஊறிவிட்டது. மலைராசு கூலியை வாங்கிக்கொண்டு போனான். நான் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினேன். கடல் வீட்டுக்குள் வந்ததற்குக் கற்பூரம் காட்டி வரவேற்றவன் இந்தத் தீவிலேயே நான் ஒருவன்தான்.

குழு வந்தது. கைத்தறிப் புடவை கட்டிய ஒரு அம்மாள் கையில் தாளோடு சுற்றிப் பார்த்தார். மோட்டார் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, கையால்தான் இறைக்கிறேன் என்றேன். சரி என்று ஒரு கட்டத்தில் கோடு போட்டார். பாட்டில் தண்ணீர் விற்கிறீர்களா? இல்லை. அதற்கும் ஒரு கோடு. ஊர் வழக்கத்தைக் காப்பாற்றுகிறீர்களா என்று ஒரு கட்டம் இருந்தது. காசிலிங்கம் எழுதிய தீர்த்தப் பலகையைக் காட்டினேன். அதற்கு இரண்டு கோடு போட்டார் என்று நினைக்கிறேன். கிணற்றுக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானே பார்க்கவில்லை.

விருது எனக்குத்தான். ராமநாதபுரத்தில் விழா. பொன்னாடை போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். 'தண்ணீரை மேலாக மொள்ள வேண்டும், அடியைத் தொடக் கூடாது' என்றேன். நம்பு சொல்வது. அதை நான் கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். அப்படிக் கைதட்டினார்கள்.

விருதுப் பலகையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினால், வாசலில் செசிலி நிற்கிறாள். செசிலி பக்கத்து வீடு. அவள் புருஷன் ஆரோக்கியம் படகில் போகிறவன். முப்பது வருஷமாக என்னை அண்ணே என்பாள், நம்புவை மதினி என்பாள். அன்றைக்குக் கையில் குடம் இருந்தது.

'அண்ணே, தண்ணி கரிக்குது' என்றாள்.

உனக்குக் காய்ச்சல் விட்ட வாய் என்றேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தே இல்லை. அவள் எதிரிலேயே ஒரு டம்ளர் மொண்டு கடகடவென்று குடித்து, 'தேன்' என்றேன். மறுநாள் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியோடு வந்து, இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், அந்தப் பலகைக்கு நேர் கீழே வைத்தாள். விடிந்ததிலிருந்து கொதிக்கிறதாம். 'இது பருப்பா, கூழாங்கல்லா, நீங்களே தொட்டுப் பாருங்கண்ணே' என்றாள். தொட்டேன். கூழாங்கல்தான். ரேஷன் பருப்பு அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதோடு சரி. மற்ற பத்து வீடும் அதே மாதிரி. சண்டைக்கு வந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன், வாயில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை. என் கொல்லைக்கு வருவதை நிறுத்திவிட்டு, பதினோரு குடமும் சந்துமுனையில் லாரித் தண்ணீருக்கு வரிசை நின்றன. நான் அந்தப் பக்கம் போனால் செசிலி, 'சாமி, இன்னிக்கு எத்தனை தலை?' என்று கேட்பாள். அண்ணே போய்விட்டது. அன்றிலிருந்து சாமிதான்.

உண்மையைச் சொன்னால், எனக்குக் கரிப்பு தெரியவில்லை சார். பொய் சொல்லவில்லை. முதலில் கொஞ்சம், பிறகு கொஞ்சம் என்று ஏறியிருக்கிறது. தினமும் அதையே குடிக்கிற நாக்கு அதையே தண்ணீர் என்று நம்பிவிட்டது. அதுவும் வீம்புக்குக் குடித்த நாக்கு.

தெரிந்தது வேறு மாதிரி. நம்புவின் படத்துக்கு முன்னால் தினம் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பேன். மறுநாள் அதை அவள் வைத்த கறிவேப்பிலைச் செடியில் ஊற்றுவேன். கிணற்றடியில் வழிகிற தண்ணீரும் அதற்குத்தான் போகும். செடி பட்டுப்போனது. பூச்சி என்று நினைத்தேன். பிறகு ஒரு மூன்று நாள் எனக்குத் தோள் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன், டம்ளரை யாரும் எடுக்கவில்லை. நல்ல காற்று வேறு. எழுந்து போய்ப் பார்த்தால் தண்ணீர் பாதியாக வற்றி, டம்ளரின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டி வாயில் வைத்தேன். உப்பு. வெறும் உப்பு. எட்டு மாதமாக அவளுக்கு நான் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கு வந்த பஸ்காரர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். தீர்த்தம் இல்லை, விளையாட்டுக்குச் சொன்னது, இப்போது உப்பு வேறு என்று. காசிலிங்கத்தை வைத்துத்தான் சொன்னேன், அவன் இந்தி நன்றாகப் பேசுவான். அவன் என்ன பேசினானோ, ஒரு வயதான அம்மாள் என் காலில் விழுந்துவிட்டார். பெரியவர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்களாம். உப்பாக இருந்தால் இன்னும் நல்லதாம், சமுத்திரமே தேடி வந்திருக்கிறதாம். பொய் சொன்னபோது நம்பியவர்கள் உண்மை சொன்னபோது அதைவிட அதிகமாக நம்பினார்கள். நான் என்ன செய்ய?

மறுநாள் மலைராசுவைக் கூட்டிவந்து இறக்கிய மூன்று உறைக்கும் மணல் போட்டு மேடாக்கினேன். காசிலிங்கத்தின் பலகையைக் கழற்றிக் கவிழ்த்துக் கிணற்றுக்கு மூடியாகப் போட்டேன். நல்ல தேக்கு, அளவும் சரியாக இருந்தது. அந்தப் பலகையால் உண்டான ஒரே உபயோகம். திருநீற்றையும் நிறுத்தினேன். பஸ் நின்றது. தண்ணீர் இல்லாத விடுதியில் யார் தங்குவார்கள்? அறை நாலும் பூட்டித்தான் கிடக்கின்றன. உமையாளும் விற்றுவிட்டு வாருங்கள் என்கிறாள். நீங்களும் வந்துவிட்டீர்கள்.

அதன் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இந்தத் தடவை ஐப்பசியில் ஏழு நாள் விடாமல் பெய்தது. மேலேயிருந்து இறங்குகிற மழைத் தண்ணீர் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளும் என்று மலைராசு சொல்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் ஒரே ஒரு பட்டை மொண்டு குடித்துப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போதும் நன்றாகத்தானே இருந்தது? கடலையே தேன் என்று சொன்ன நாக்கு இது. இதன் பேச்சை நானே கேட்பதில்லை. உமையாள் வந்தபோது நீட்டினேன், தொடவில்லை. கோயம்புத்தூரிலிருந்து பாட்டில் கொண்டுவந்துவிட்டாள். செசிலியிடம் கேட்க எனக்கு முகமில்லை.

இதற்காகத்தான் உங்களை இவ்வளவு நேரம் காயவைத்தேன் சார். நீங்கள் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். இந்தத் தீவில் இதுவரை ஒரு மடக்கும் குடிக்கவில்லை. கரித்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் வீட்டை வாங்க வேண்டாம், நான் வருத்தப்பட மாட்டேன். கரிக்கவில்லை என்றால்... முதலில் குடியுங்கள்.

இதோ, இந்தப் பக்கம் வாருங்கள். மூடியைத் தள்ளுகிறேன். இதுதான் பட்டை. அவளுடையதில்லை, அது உளுத்துப்போனது, புதிதாக முடையச் சொன்னேன். இந்தாருங்கள்.

மெதுவாகக் குடியுங்கள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள், நான் பார்க்கவேண்டும்.

என்ன சார்?

இன்னொரு டம்ளரா?

பொறுங்கள். தாகத்துக்குக் கேட்கிறீர்களா, தண்ணீருக்குக் கேட்கிறீர்களா? நிஜமாகவா? உங்கள் ஊர்த் தண்ணீர் மாதிரியா? அவ்வளவு வேண்டாம், தண்ணீர் மாதிரி இருந்தால் போதும்.

செசிலி. ஏ செசிலி. இந்தச் சுவர்ப்பக்கம் கொஞ்சம் வாயேன். இங்கே ஈரோட்டுக்காரர் ஒருவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டார்.

கேட்டீர்களா? வெயிலில் வந்த மனுசன் எதைக் கொடுத்தாலும் குடிப்பாராம். அவள் அப்படித்தான் பேசுவாள். ஆனால் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. வருகிறாள் பாருங்கள். குடம் இல்லை, சின்னச் சட்டி. அதற்குள் என்ன? பருப்பு. ஒரு பிடிப் பருப்பு. என்மேல் நம்பிக்கை அந்த ஒரு பிடிதான்.

இரும்மா, நான் மொண்டு தருகிறேன். கொண்டா சட்டியை.

சார், அவள் இப்போது என்ன சொன்னாள்? உங்கள் காதிலும் விழுந்ததா? அவசரத்தில் பட்டையை ஆழ விட்டுவிட்டேன், கை பழக்கம். அதற்குத்தான் சொன்னாள். 'மேலாப்புல விடுங்கண்ணே. மேலாப்புல' என்று. அப்படித்தானே சொன்னாள்? நான் சரியாகத்தானே கேட்டேன்?

போய்விட்டாள். அடுப்பு மூட்டுவாள். விறகடுப்பு, முக்கால் மணி நேரமாவது ஆகும். நீங்கள் உட்காருங்கள். காசிலிங்கத்துக்கு ஒரு போன் மட்டும் போட்டுச் சொல்லிவிடுங்கள். பருப்பு வேகிறவரைக்கும் இந்த வீடு விற்பனைக்கு இல்லை. வெந்துவிட்டால் அப்புறமும் இல்லை.